வேலிக்கு இரண்டு பக்கம்

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு இது நேரம் கெட்ட நேரம் என்று தெரியும். தூக்கத்தை விட்டுவிட்டு வந்ததற்கு நன்றி. காட்டு விலங்குகளோடு வாழும் கிராமத்து மனிதர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இப்படி ஒரு தலைப்பு வந்தால் எல்லோருடைய நினைவும் ஆபிரிக்காவுக்குப் போய்விடும். யானை, சிங்கம், செம்மண் பாதை என்று. அங்கேயும் வருவோம். ஆனால் நான் மெல்பேணில் இருந்து பேசுகிறேன், ஆகவே காலடியில் உள்ள கதையில் இருந்து தொடங்குவதுதான் நியாயம்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு வேலி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கதியாலை ஒரு சாண் நகர்த்தியதற்காக அண்ணன் தம்பி கோர்ட்டு ஏறிய ஊர் அது. ஆனால் உலகத்தின் மிக நீண்ட வேலி அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் பகுதியில் தொடங்கி, தெற்கு அவுஸ்திரேலியாவின் கடற்கரை வரை ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர். பருத்தித்துறையில் இருந்து தேவேந்திரமுனை வரை உள்ள தூரத்தைப் பன்னிரண்டு தடவை அளந்தாலும் இந்த வேலி மிஞ்சும். டிங்கோ என்ற காட்டு நாயிடம் இருந்து செம்மறி ஆடுகளைக் காப்பதற்காகப் போட்ட வேலி இது. இன்றைக்கும் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பழுது பார்க்கிறார்கள்.

இந்த நாட்டின் கிராமத்து வரலாற்றை வேலிகளை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. யார் போட்டார்கள், எதை வெளியே வைத்தார்கள், செலவு யாருடையது என்று மூன்று கேள்விகள் போதும்.

வேலி இல்லாத காலத்தில் இருந்து பார்ப்போம். மெல்பேணுக்கு மேற்கே, விக்டோரியாவின் தென்மேற்கு மூலையில் பட்ஜ் பிம் என்று ஓர் இடம் இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த நிலம். அங்கே குன்டிட்ஜ்மாரா மக்கள் அந்தக் கருங்கற்களை அடுக்கி வாய்க்கால், அணை, தடுப்புக் கட்டி விலாங்கு மீன் வளர்த்தார்கள். தண்ணீரைத் திருப்பி, மீனைக் குளத்தில் தங்க வைத்து, வேண்டியபோது கூடைப் பொறி வைத்துப் பிடிப்பார்கள். இதன் பழைய பகுதிகளுக்கு 6,600 ஆண்டு வயது என்கிறார்கள். 2019இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மெல்பேணில் இருப்பவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வர வேண்டிய இடம்.

அதேபோல, இந்நாட்டு ஆதிக்குடிகள் புல்வெளிகளைப் பருவம் பார்த்து, சிறுசிறு துண்டுகளாக எரித்தார்கள். எரிந்த இடத்தில் இளம்புல் முளைக்கும், கங்காரு மேய வரும். விலங்கைத் துரத்திப் போகாமல் விலங்கு தானே வரும்படி நிலத்தை வைத்திருந்தார்கள். 1969இல் றிஸ் ஜோன்ஸ் என்ற தொல்லியலாளர் இதற்குத் தீக்கோல் வேளாண்மை என்று பெயர் வைத்தார். அங்கே விலங்கு எல்லைக்கு வெளியே நிற்கும் எதிரி என்ற எண்ணம் இல்லை. அதைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பசியும் பஞ்சமும் அங்கும் இருந்தன. ஆனால் நிலத்தைப் பற்றிய அறிவு, அந்த நிலத்தில் வாழ்ந்தவர் கையில் இருந்தது. 1840களில் செம்மறி ஆட்டு மந்தைகளோடு குடியேறிகள் வந்து அந்த நிலத்தைப் பறித்தபோது, குன்டிட்ஜ்மாரா மக்கள் பல ஆண்டுகள் போரிட்டார்கள். யுமரல்லா போர் என்று அதற்குப் பெயர்.

இனி முயலுக்கு வருவோம். 1788இல் முதற் கப்பற் தொகுதியிலேயே முயல்கள் வந்துவிட்டன. அவை கூட்டில் வளர்ந்த சாதுவான முயல்கள், வெளியே விட்டால் பிழைக்கத் தெரியாதவை. 1859 கிறிஸ்மஸ் தினத்தன்று மெல்பேணுக்கு வந்த லைட்னிங் என்ற கப்பலில் 24 முயல்கள் வந்தன. இங்கிலாந்தில் இருந்து தம்பிக்கு அண்ணன் அனுப்பிய சரக்கு. தம்பியின் பெயர் தோமஸ் ஒஸ்டின். ஜீலோங்குக்கு அப்பால் வின்செல்சியில் அவருக்கு பார்வன் பார்க் என்ற பெரிய பண்ணை. வேட்டையாடப் பிரியப்பட்டு அவற்றை வளர்த்து வெளியே விட்டார். 1867இல் இங்கிலாந்தின் இளவரசர் அல்பிரட் அதே பண்ணைக்கு வந்து முயல் சுட்டுவிட்டுப் போனார். அவ்வளவு பெருமை.

அந்தக் கூட்டத்தில் காட்டு முயலின் இரத்தம் இருந்தது. இன்று இந்தக் கண்டத்தில் உள்ள முயல்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே பண்ணையின் வழித்தோன்றல்கள் என்று 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை என்று நாம் சொல்வோமே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

முயல் புல்லை வேரோடு தின்னும். மரக்கன்றைத் தின்னும். ஆட்டுக்குப் புல் இல்லாமல் போனது, மண் காற்றில் பறந்தது. குத்தகைக்கு நிலம் எடுத்த சின்னப் பண்ணைக்காரர்கள் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள். முயலை விட்டவர் மாளிகைக்காரர், அழிந்தவர் குத்தகைக்காரர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1887இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு முயலை ஒழிக்க வழி சொல்பவருக்கு 25,000 பவுண் பரிசு அறிவித்தது. பாரிசில் இருந்து லூயி பாஸ்டர், கோழிக் கொலராக் கிருமியோடு தன் மருமகன் அட்ரியன் லுவாரை அனுப்பினார். சிட்னித் துறைமுகத்தின் உள்ளே றொட் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. இன்று குடும்பங்கள் சுற்றுலாவுக்குப் போகும் இடம். அங்கேதான் ஆய்வுகூடம் அமைத்துச் சோதித்தார்கள். தின்ற முயல் செத்தது, ஆனால் ஒன்றில் இருந்து ஒன்றுக்கு நோய் ஒழுங்காகப் பரவவில்லை, பறவைகளுக்கும் ஆபத்து. பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

பிறகு வேலி. மேற்கு அவுஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை மூன்று முயல் வேலிகள் போட்டது. முதலாம் வேலி மட்டும் 1,800 கிலோமீற்றருக்கு மேல், தெற்குக் கடலில் இருந்து வடக்குக் கடல் வரை. எல்லைக் காவலர்கள் ஒட்டகத்திலும் சைக்கிளிலும் போய்ப் பழுது பார்த்தார்கள். வேலி முடிவதற்குள் முயல் அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த வேலிக்கு யாரும் எதிர்பாராத பயன் ஒன்று இருந்தது. 1931இல், ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடம் இருந்து பிரித்துக் கொண்டுபோகும் அரசின் கொள்கைப்படி, ஜிகலோங்கில் இருந்து மூன்று சிறுமிகளைப் பிடித்து மூர் றிவர் குடியிருப்பில் விட்டார்கள். அவர்கள் தப்பி, முயல் வேலியைக் கண்டுபிடித்து, அதை வழிகாட்டியாக வைத்து வடக்கே நடந்தார்கள். ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர். ஒரு சிறுமி இடையில் பிடிபட்டாள். மற்ற இருவரும் தாயிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் மூத்தவளின் மகள் டொறிஸ் பில்கிங்டன் 1996இல் எழுதிய புத்தகமும், 2002இல் வந்த திரைப்படமும் இதைச் சொல்கின்றன. விலங்கை அடக்க அரசு போட்ட வேலி, பிள்ளைகளை அடக்க அரசு போட்ட சட்டத்துக்கு எதிராகப் பாதை காட்டியது.

முயலின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் ஏழைக் குடும்பங்களின் சட்டியில் வெந்தது முயல்தான். நிலத்துக்கு அடியில் கிடைக்கும் ஆட்டிறைச்சி என்று அதற்குக் கேலிப் பெயர். பொறி வைத்து முயல் பிடிப்பது ஆயிரக்கணக்கானோருக்குத் தொழிலானது. பெயர்பெற்ற அக்குப்றா தொப்பி முயல் உரோமத்தில் செய்வதுதான். ஆகவே 1950இல் மிக்ஸோமட்டோசிஸ் என்ற வைரஸை மறி நதிப் பள்ளத்தாக்கில் விட்டபோது எல்லோரும் மகிழவில்லை. நுளம்பு அதைப் பரப்பியது. 60 கோடி என்று மதிப்பிட்ட முயல்கள் இரண்டு ஆண்டுக்குள் 10 கோடியாகக் குறைந்தன. அதே சமயம் மில்டியூறாப் பக்கம் மனிதருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. முயல் வைரஸ்தான் காரணமோ என்று சனம் பயந்தது. மக்பார்லன் பேணட், பிராங்க் பென்னர், இயன் குளூனிஸ் றொஸ் என்ற மூன்று விஞ்ஞானிகளும் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஏற்றிக் காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சில ஆண்டுகளில் முயல்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்து மீண்டும் பெருகின. 1995இல் இன்னொரு வைரஸ். அந்தப் போர் இன்னும் முடியவில்லை.

அடுத்தது எல்லோரும் சிரிக்கும் கதை, ஈமுப் போர். 1932 நவம்பரில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கம்பியன் பகுதியில் இராணுவம் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளோடும் 10,000 ரவைகளோடும் ஈமுக்களைச் சுடப் போனது. தலைமை தாங்கியவர் மேஜர் மெரடித். ஈமுக்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஓடின. ஒரு நாள் ஆயிரம் ஈமுக்கள் நீர்நிலைக்கு வரும்வரை பதுங்கியிருந்து சுட்டபோது, ஒரு டசின் விழுந்தவுடன் துப்பாக்கி இறுகிக்கொண்டது. டிசம்பரில் படையைத் திருப்பி அழைத்தார்கள். கணக்கு 9,860 ரவைக்கு 986 பறவை. இந்நாட்டின் இலச்சினையில் கங்காருவுக்கு எதிரே நிற்பது அதே ஈமுதான்.

இணையத்தில் இதைப் பகிர்ந்து சிரிக்கிறோம். சிரிக்கலாம். ஆனால் அந்தக் கோதுமைக்காரர் யார் என்று பாருங்கள். பலர் முதலாம் உலகப் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்கள். போருக்குப் போனதற்கு ஈடாக அரசு அவர்களுக்குக் காணி கொடுத்தது, பெரும்பாலும் மழை குறைந்த, மண் மெலிந்த ஓரக் காணி. கோதுமை விளைவிக்கச் சொன்னது. விலை விழுந்தது. தருவதாகச் சொன்ன உதவித் தொகை வரவில்லை. அந்த நேரத்தில் ஏறக்குறைய 20,000 ஈமுக்கள் உள்நாட்டில் இருந்து கரை நோக்கி வந்தன. அது அவற்றின் வழமையான இடப்பெயர்வு. வழியில் தண்ணீரும் பயிரும் கிடைத்தன. அவை உடைத்த வேலி இடைவெளிகளால் முயலும் உள்ளே வந்தது. பண்ணைக்காரருக்குத் தேவைப்பட்டது கோதுமைக்கு விலை, கடனுக்குத் தவணை, நல்ல வேலி. கிடைத்தது துப்பாக்கி. இரண்டு பக்கமும் இடம்பெயர்ந்தவர்கள், நடுவில் இயந்திரத் துப்பாக்கி.

தாஸ்மேனியாவில் இதே தர்க்கம் முடிவு வரை போனது. தைலசின் என்ற, முதுகில் வரியுள்ள ஓநாய் போன்ற பைப்பாலூட்டி செம்மறியைத் தின்கிறது என்றார்கள். 1888 முதல் 1909 வரை அரசு தலைக்கு ஒரு பவுண் கொடுத்தது. 2,184 தலைகளுக்குப் பணம் போனது. ஆடுகள் குறைந்ததற்குக் காட்டில் திரிந்த வளர்ப்பு நாய்களும் மோசமான பராமரிப்பும் பெரிய காரணங்கள் என்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். 1936 ஜூலையில் தைலசினைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. 59 நாள் கழித்து, செப்டெம்பர் 7ஆம் திகதி, ஹோபாட் மிருகக்காட்சிச் சாலையில் கடைசித் தைலசின் இறந்தது. அந்த நாளைத்தான் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் நாளாக இங்கே கடைப்பிடிக்கிறார்கள்.

வெள்ளைக்காரரின் இந்தக் கதையில் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் வீட்டுக் கணக்கையும் எடுப்போம். ஆனையிறவு என்ற பெயரே யானைகள் கடந்த வழியைச் சொல்கிறது. ஊர்காவற்றுறைக்கு போர்த்துக்கேயர் வைத்த பெயருக்கு யானைத் துறை என்று பொருள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் கப்பலேறி இந்திய அரசுகளுக்குப் போயின. யானை பணமாக இருந்தவரை அதற்கு மதிப்பு இருந்தது. பிரித்தானியர் காலத்தில் அது தொல்லை ஆனது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார்: 1848க்கு முந்தைய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றதற்கு அரசு வெகுமதி கொடுத்தது. தைலசினுக்கு ஒரு பவுண் என்றால் வன்னி யானைக்குச் சில சிலிங். ஒரே பேரரசு, ஒரே கணக்குப் புத்தகம்.

இன்றைக்கு இலங்கையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் இறக்கிறார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய வன்னிச் சனம் கண்டது, காணி காடாகிக் கிடந்ததை. அந்தக் காடு யானைக்குப் பழகிப்போய்விட்டது. மின்வேலி ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்குப் போட்டிருக்கிறார்கள். யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ நீண்டகாலமாக ஒரு விடயத்தைச் சொல்லி வருகிறார். பல வேலிகள் வன இலாகாவின் நிலத்துக்கும் வனசீவராசிகள் இலாகாவின் நிலத்துக்கும் இடையிலான கோட்டில் நிற்கின்றன. காட்டுக்கும் வயலுக்கும் இடையில் நிற்கவில்லை. வேலிக்கு இரண்டு பக்கமும் யானை. இலாகாவின் வரைபடம் யானைக்குத் தெரியாதல்லவா? அவருடைய மாற்று வழி எளிமையானது. ஊரைச் சுற்றி நிரந்தர வேலி. வயலைச் சுற்றி விதைப்பு முதல் அறுவடை வரை மட்டும் ஒரு பருவ வேலி. அதைக் கமக்காரரே போட்டு, கமக்காரரே பார்த்து, அறுவடைக்குப் பிறகு கழற்றிவிடுவது. அரிதாளை யானை மேய்ந்துவிட்டுப் போகட்டும்.

இது புதிய யோசனை போலத் தெரியும். ஆனால் தினைப்புனத்தில் பரண் கட்டி, தட்டையும் குளிரும் தழலும் வைத்துக் கிளி ஓட்டிய மரபும் பருவக் காவல்தானே? குறிஞ்சித் திணையில் காதல் நடக்கும் இடமே அந்தக் காவற்பரண். கதிர் கொய்து முடிந்தால் காவலும் முடியும், தலைவன் வருவதற்குச் சாட்டும் இல்லாமல் போகும். புலவர்கள் அந்தத் துயரத்தை எழுதினார்கள். எனக்கு அதில் ஒரு வேளாண் செய்தியும் தெரிகிறது. வேலி என்பது ஒரு காலத்துக்கு உரியது.

இப்போது ஆபிரிக்கா. பொட்சுவானாவில் 1958இல் குக்கே வேலி போட்டார்கள். மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காக, கோமாரி நோய் காட்டெருமைகளில் இருந்து மாடுகளுக்குத் தொற்றாமல் இருக்க. 1980களின் வரட்சியில் தண்ணீர் தேடி வடக்கே நடந்த வில்டபீஸ்ட் மான்கள் வேலிகளில் மோதி, பல்லாயிரக்கணக்கில் தாகத்தால் செத்தன. தென் ஆபிரிக்காவில் வேலி மனிதருக்கு எதிராகவும் போடப்பட்டது. 1969இல் குரூகர் தேசியப் பூங்காவை விரிப்பதற்காக மக்குலேக்கே மக்களை அவர்களின் ஊரில் இருந்து வெளியேற்றினார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பின் 1998இல் அந்த நிலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்கள் அங்கே மீண்டும் வயல் போடவில்லை. விலங்குகளை அப்படியே விட்டு, சுற்றுலா வருமானத்தை ஊருக்கு எடுப்பது என்று முடிவு செய்தார்கள். முடிவு அவர்களுடையது என்பதுதான் முக்கியம்.

நமீபியாவில் 1996இல் ஒரு சட்டம் வந்தது. கிராமத்தவர் எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, குழு அமைத்தால், தங்கள் நிலத்து விலங்குகளின் மீது உரிமையும் அவற்றால் வரும் வருமானமும் அவர்களுக்கு. யானை அங்கேயும் தண்ணீர்த் தொட்டியை உடைக்கிறது. சிங்கம் மாட்டை அடிக்கிறது. பணம் எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை என்ற முறைப்பாடும் உண்டு. ஆனாலும் உடைந்த தொட்டிக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். ஈமுவை எதிர்கொண்ட சிப்பாய்க்கு அது தெரியவில்லை. வன்னிக் கமக்காரருக்கு இன்னும் தெரியவில்லை.

நகரத்தில் இருக்கும் நமக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. மெல்பேண் தாவரவியல் பூங்காவில் பெரிய பழந்தின்னி வௌவால்கள் வந்து தங்கி மரங்களைச் சேதப்படுத்தியபோது, 2003இல் அவற்றை அங்கிருந்து கலைத்தார்கள். யாரா பெண்ட் பூங்காவில் இன்று நீங்கள் பார்க்கும் வௌவால் கூட்டம் அப்படி வந்தது. சிட்னிப் பூங்காவில் 2012இல் சத்தம் போட்டுக் கலைத்தார்கள். நகரத்துப் பூங்கா மரத்துக்காக விலங்கைக் கலைக்கலாம் என்று முடிவெடுத்த நாமேதான், பழத்தோட்டக்காரரும் ஆட்டுப் பண்ணைக்காரரும் பொறுமையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். விக்டோரியாவில் 2021 செப்டெம்பரில் இருந்து, வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண் 5 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. விரல் நுழைந்தால் அந்த வலை கூடாது. வௌவால் சிக்கிச் சாகும். அத்திக்கும் மாதுளைக்கும் வலை போடும் நம்மவர்கள் இதைக் கவனியுங்கள். நம் பங்குச் செலவு அவ்வளவு சிறியது.

வோர்ணம்பூல் நகரக் கரையில் மிடில் ஐலண்ட் என்று ஒரு சிறு தீவு. நரிகள் வற்றுக் காலத்தில் நடந்து போய்த் தின்றதால், நூற்றுக்கணக்கில் இருந்த குட்டிப் பெங்குவின்கள் 2005இல் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. நரியும் வேட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட விலங்குதான். கோழிப் பண்ணைக்காரர் ஒருவர், தன் கோழிகளைக் காக்கும் மரெம்மா இன நாய்களைத் தீவில் விடலாமே என்றார். 2006இல் விட்டார்கள். பெங்குவின்கள் பெருகின. அந்த யோசனை தினமும் நரியோடு மல்லுக்கட்டும் ஒரு மனிதரிடம் இருந்து வந்தது.

கடைசியாக ஓர் ஊரைச் சொல்லி முடிக்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி. குஞ்சு பொரிக்க வரும் பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர் பல தசாப்தங்களாகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. சட்டம் போட்டு வந்த வழக்கமில்லை, அவர்களே எடுத்த முடிவு. நாம் அதைப் படித்து நெகிழ்ந்து, முகநூலில் பகிர்வோம். ஆனால் வெடி இல்லாத தீபாவளி யாருடையது? அந்த ஊர்ப் பிள்ளைகளுடையது. வனத்துறை தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்புக் கொடுக்கிறது. சின்ன விடயம்தான். ஆனாலும், செலவு யாருடையது என்பதை அங்கே யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார்.